அழியும் அரசும் அழியாத கொடையும்

அரசன் கோயிலுக்கு நிலம் விடுவதும் வரி நீக்குவதும் அறமா, தெய்வத்தோடு அவன் செய்துகொள்ளும் பேரமா என்னும் கேள்வியை, தளி, ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைத் தம் ஆட்சியின் இறுதிக் காலத்தில் தமிழகப் பிடிமானங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்த போசளரின், அதாவது ஹொய்சளரின், வரலாறு கூர்மையாக எழுப்புகிறது.

13ஆம் நூற்றாண்டின் நடுவில் போசள மன்னன் சோமேசுவரனின் அரசு அவன் மகன்களிடையே இரண்டாகப் பிரிந்தபோது, துவாரசமுத்திரம் மூன்றாம் நரசிம்மனுக்கும், சமயபுரத்தை அடுத்த கண்ணனூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்ப் பகுதி இராமநாதனுக்கும் சென்றன. 1279இல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரனிடம் தோற்ற இராமநாதன், கிருஷ்ணகிரி மாவட்டச் சின்னக்கொத்தூர்ப் பகுதியெனப் பலரும் கருதும் குந்தாணிக்குப் பெயர்ந்தான். பங்காளிச் சண்டை ஓய்ந்து, 1300ஐ ஒட்டி நரசிம்மனின் மகன் மூன்றாம் வல்லாளன் இரு பகுதிகளையும் மீண்டும் இணைத்தான்.

அவன் 1301இல் குந்தாணி அரசு, முரசுநாடு, குவளாலநாடு முதலிய பகுதிகளின் மடத் தலைவர்களுக்கும் கோயில் பொறுப்பாளர்களுக்கும் விடுத்த ஆணை, தேவதானங்களின்மேல், அதாவது இறைவனுக்கு விடப்பட்ட நிலங்களின்மேல், இருந்த வரிகளை நீக்கி, அந்த வருவாயை வழிபாட்டுக்குச் செலவிட்டுத் தனக்கும் தன் அரசுக்கும் நலம் வேண்டுமாறு கேட்டுக்கொள்கிறது. புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் மக்களின் நல்லெண்ணத்தைத் தேடும் அரசியல் இதில் உண்டு என்பதை மறுக்க முடியாது; அதனாலேயே பக்தி பொய்யாகிவிடும் என்பதும் இல்லை. ஆனால் பேரமென்று மட்டும் கொண்டால், அது பலிக்கவில்லை: பத்தே ஆண்டுகளில், 1311இல், டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை துவாரசமுத்திரத்துக்கு வந்தது; 1342இல், முதுமையில், கண்ணனூர்ப் போரில் சிறைப்பட்ட வல்லாளனை மதுரை சுல்தான் கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டதைப் பயணி இபன் பதூதா பதிவுசெய்திருக்கிறார்.

எனினும் இடைக்காலக் கல்வெட்டு மரபு இந்தத் தோல்வியை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. கொடைச் சாசனங்களின் முடிவில் வரும் ஓம்படைக்கிளவி, அதாவது அறத்தைக் காக்குமாறு வேண்டும் பகுதி, சந்திரனும் சூரியனும் உள்ளவரை கொடை நிலைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதைக் காப்பவரின் பாதம் கொடுத்தவரின் தலைமேல் என்கிறது. கெடுப்பவருக்குக் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை வைக்கிறது. காப்பவர் தன் குலத்தவராகவே இருப்பார் என்று அது எதிர்பார்ப்பதில்லை. யாரென்றே தெரியாத பிற்கால ஆட்சியாளரின் காலையும் தன் முடிமேல் ஏற்க இசையும் அரசன், தன் அரசு முடியக்கூடியது என்பதை ஏற்றுக்கொண்டே கொடுக்கிறான். பலனைக் கருதித் தொடங்கிய செயல் பற்றற்ற செயலை நெருங்குவது அந்த இடத்தில்தான்.

காப்பவர் குலத்துக்கு வெளியேயிருந்தும் வரலாம் என்பதை, வல்லாளன் பிற்காலத்தில் தலைநகராகக் கொண்டிருந்த திருவண்ணாமலையின் மரபுக்கதை வேறு விதமாகச் சொல்கிறது: பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனுக்கு இறைவனே மகனானார் என்பதால், ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அவனுக்குத் திதி கொடுக்கிறார். வரலாற்றில் அவனுக்கு மகன் உண்டு. நான்காம் வல்லாளன் என்ற அந்த மகன் சில ஆண்டுகளே ஆண்டான்; பின்னர் நாடு விஜயநகரத்தார் வசமானது. திருவண்ணாமலைக் கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்தை எழுப்பி, இராஜகோபுரத்தைத் தொடங்கிய விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் போசள குலத்தவர் அல்லர்.