அரண் எங்கே உடைந்தது?

2014 ஜூலை 8. உலகக் கிண்ண உதைபந்தாட்ட அரையிறுதி. சொந்த மண்ணில் ஆடிய பிரேசில் 1–7 என ஜேர்மனியிடம் வீழ்ந்தது. 23ஆம் நிமிடத்திலிருந்து 29ஆம் நிமிடத்துக்குள் மட்டும் நான்கு கோல்கள்.

பின்களத்தின் தூணான அணித்தலைவர் தியாகோ சில்வா தடையால் ஆடவில்லை. ஆனால், அது மட்டும் காரணமல்ல. கோல் விழ விழ, ஈடுகட்டும் அவசரத்தில் பின்களத்தினர் தங்கள் இடத்தை விட்டு முன்னே ஓடினர்; நடுக்களம் திறந்து கிடந்தது. நான்காவது கோலையே பாருங்கள். பிரேசில் ஆட்டத்தை மீண்டும் தொடங்கிய சில நொடிகளில், பெர்னாண்டினோவிடமிருந்து பந்தைப் பறித்தார் ஜேர்மனியின் குரூஸ். சக வீரர் கெதிராவிடம் தட்டிக் கொடுத்து, திரும்ப வாங்கி வலைக்குள் தள்ளினார்.

ராகலை மலைச் சரிவில் அடைமழை நேரம் ஓரிடத்தில் கான் உடைந்தால், மொத்த மலையின் மண்ணும் அந்த வழியாகத்தான் இறங்கும். தடுப்பாட்டமும் அப்படியே.

தோட்டத்து மைதானத்தில் ஆடும் தம்பி, தங்கச்சிகளே! அடி விழுந்த அடுத்த நிமிடம்தான் மிக ஆபத்தானது. பதறி ஓடாதீர்கள். உங்கள் இடத்தில் நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு பந்தைத் தேடலாம்.