மண் எத்தனையாவது படி?

மண் எத்தனையாவது படியில் இருக்கிறது? சைவ சித்தாந்தத்தில் இதற்கு இரண்டு விடை உண்டு, இரண்டும் சரி. வகைபிரித்துச் சொன்னால் நான்காம் படி: தத்துவம், அதில் ஆன்ம தத்துவம், அதில் பூதம், அதில் மண். உயிரைக் கட்டும் பாசத்தின் ஒரு வகையான மாயையில் தொடங்கி, எதிலிருந்து எது தோன்றியது என்று சொன்னால், பாசத்தையும் சேர்த்துப் பத்தாம் படி: பாசம், மாயை, அசுத்த மாயை, கலை, மூலப்பகுதி, புத்தி, அகங்காரம், பூதாதி, நாற்றத் தன்மாத்திரை, மண். குணதத்துவத்தைத் தனியாக எண்ணினால் இன்னொரு படி கூடும். திருப்பனந்தாளில் டி.டி.பி. வேலை பார்க்கிறவள் நான். ஒரு பாடநூலைப் பக்கம் கோக்கும்போது இந்த வித்தியாசம் எனக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது.

நூல், சித்தாந்த வகுப்பு எடுக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருடையது. குமரகுருபரர் காசியில் நிறுவிய மடம் பிற்பாடு வந்து அமர்ந்த ஊர் திருப்பனந்தாள். சைவ நூல்களை மலிவு விலையில் போட்டுக் கொடுக்கும் அந்தக் காசி மடம் இங்கே இருப்பதால், திருமுறையும் சாத்திரமும் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கைப்பழக்கமான புத்தகங்கள். ஐயா தம் குறிப்புகளைச் செல்போனிலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தார். தடித்த எழுத்தோ எழுத்துரு மாற்றமோ எதுவும் கிடையாது. ஒவ்வோர் உட்பிரிவுக்கும் முன்னால் இரண்டு இடைவெளி, ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். அதை வைத்தே முப்பத்தாறு தத்துவத்தையும், அவற்றின் விரிவோடு சேர்த்து வரும் தொண்ணூற்றாறையும் உட்பிரிவுக்குள் உட்பிரிவாக அடுக்கிவிட்டார். பத்தாம் படிக்கு வரும்போது திரையின் வலது ஓரத்தில் ‘மண்’ என்ற ஒரு சொல் தனியாக நின்றது.

பக்கம் கோப்பது லேடெக்கில். டொனால்ட் குனுத் 1978இல் எழுதிய டெக் மென்பொருளின் மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டியது அது. எண்ணிட்ட பட்டியல்களை நான்கு அடுக்கு வரைக்கும் தானே வரைந்து கொடுக்கும். பட்டியல் வகைகளைக் கலந்தாலும் ஆறுக்கு மேல் போனால் அளவுக்கு மீறி உள்ளே போய்விட்டாய் என்று சொல்லி நின்றுவிடும். அந்த வரம்பைத் தளர்த்தத் துணைத்தொகுப்புகள் உண்டு. காகிதத்தின் அகலத்தை எந்தத் தொகுப்பாலும் கூட்ட முடியாது. டெம்மி அளவுப் புத்தகத்தில் எழுத்து நிற்கும் அகலம் சுமார் 11 சென்டிமீட்டர். படிக்கு அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் பத்தாம் படியில் பாதிப் பக்கம் வெறுமையாகிவிடும். மிச்சப் பாதியில் ‘ஞானேந்திரியங்கள்’ போன்ற சொற்கள் முறிந்து முறிந்து விழும்.

முதல் புரூஃபைப் பார்த்துவிட்டு ஐயா கேட்டார்: “ஏம்மா, மண்ணு ஏன் இவ்வளவு ஒதுங்கிப் போயிருக்கு?”

“பத்தாவது படிங்க ஐயா.”

“படி பத்துதான். ஆனா படிக்கிறவன் அதை மாயையை விட்டு ரொம்பத் தூரம் போனதா நினைப்பான். மண்ணுக்குள்ளயும் மாயைதாம்மா இருக்கு.”

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பேச்சு. ஒரு வரியை உள்ளே தள்ளி அச்சிடும்போது நாம் எதைச் சொல்கிறோம்? மேல்வரியின் ஒரு வகை இது என்றா, மேல்வரியிலிருந்து பிறந்தது என்றா, அதை நிறுவ வந்த காரணம் என்றா? ஐயாவின் குறிப்பில் மூன்றும் கலந்து கிடந்தன. மூன்றுக்கும் அதே இரண்டு இடைவெளிதான். ஆன்ம தத்துவம் இருபத்து நான்கு, வித்தியா தத்துவம் ஏழு, சிவ தத்துவம் ஐந்து என்பது வகை. அகங்காரம் மூன்றாகப் பிரிந்து பூதாதியிலிருந்து தன்மாத்திரை வருவது தோற்றம். சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுக்கும் கீழே மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வருவது வாதம்; ஏது மேற்கோளைத் தாங்குகிறதே தவிர அதற்குள் அடங்கியதல்ல. அச்சில் தாங்குவதும் அடங்குவதும் பிறப்பதும் ஒரே மாதிரித் தெரிந்தால், வாசகர் மனத்தில் தத்துவமே குழம்பிப்போகும். இதை வடிவமைப்புச் சங்கதி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஓலைச்சுவடியில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே செய்யுளும் உரையும் இடைவிடாமல் ஓடும், உள்தள்ளல் கிடையாது. எது எதற்குள் அடங்கும், எது எதை நிறுவ வந்தது என்பதை உரையாசிரியரின் வாக்கியமே சொல்லிவிடும். 1785இல் மறைந்த திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் சிவஞானபோதத்துக்கு எழுதிய பாடியத்தை ஒரு பக்கம் படித்தால் போதும், உறவுகள் அத்தனையும் வாக்கியக் கட்டிலேயே நிற்பது தெரியும். அடுத்த நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அச்சு உரைநடைக்கு நிறுத்தக்குறிகளை ஒழுங்காகக் கொண்டுவந்தார். கண்ணுக்கு உதவி கிடைத்தது. அதற்குப் பிறகு, கண் பார்த்துக்கொள்ளும் என்று வாக்கியத்தை நாம் சோம்பலாக விட்டுவிட்டோம்.

ஆகவே மூன்றையும் பிரித்தேன். வகைக்கு மட்டும் உள்தள்ளல், அதுவும் நான்கு படிக்கு மேல் இல்லை. தோற்றத்தை இடது ஓரத்திலேயே, மாயையில் தொடங்கி மண் வரைக்கும் அம்புக்குறியிட்ட ஒரே தொடராக ஓடவிட்டேன். வாதத்துக்கு எழுத்தின் அளவையும் தடிப்பையும் மாற்றினேன்.

இதைவிடக் கடினம் உச்சியில் இருந்தது. ஐயாவின் குறிப்பில் முதல் வரி ‘முப்பொருள்’. அதன் கீழே பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு). பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பதிக்கு மேலே ஒரு வரி எப்படி இருக்க முடியும்? மூன்றும் அநாதி என்பது சித்தாந்தம். ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை. மூன்றையும் தன்னுள் அடக்கிய நான்காவது பொருள் எதுவும் இல்லை. ‘முப்பொருள்’ என்பது வகுப்பில் நாம் போட்டுக்கொண்ட எண்ணிக்கை. அதை மேலே தலைப்பாக அச்சிட்டால், இல்லாத ஒன்றை இறைவனுக்கும் மேலே ஏற்றிய குற்றம் நம்முடையது. நூலில் அந்தத் தலைப்பு இப்போது இல்லை. மூன்று பகுதிகளும் தனித்தனியே, ஒரே அளவுத் தலைப்போடு தொடங்குகின்றன.

உயிருக்கு அடுக்கில் இடம் எங்கே? வித்தியா தத்துவத்தில் ‘புருடன்’ என்று ஒரு வரி வருகிறது. அதுவும் உயிர் அல்ல. காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்ற ஐந்தையும் சட்டையாகப் போட்டுக்கொண்டு நுகர வந்த நிலை. முப்பத்தாறு வரிகளில் ஒன்றிலும் ‘நான்’ இல்லை. உயிர் வீடுபேற்றை நோக்கி ஏறும் பத்துப் படிகளான தசகாரியத்தில் முதல் மூன்று, தத்துவரூபம், தத்துவதரிசனம், தத்துவசுத்தி. ஒவ்வொன்றையும் சடமென்று அறிந்து, தான் வேறென்று கண்டு, அதை விட்டு நீங்குவது. தத்துவங்களை இவ்வளவு நுணுக்கமாக எண்ணியது அவற்றைக் கைவிடுவதற்காகத்தான். எதை விடுகிறோம் என்று பெயர் தெரியாமல் விட முடியாது. அதனால்தான் இந்த அடுக்கில் ஒரு வரி இடம்மாறி நின்றாலும் எனக்குப் பொறுக்கவில்லை. மனத்தைக் கன்மேந்திரியத்தின் கீழே படிக்கிற மாணவர், விட வேண்டியதைத் தவறான இடத்தில் தேடுவார்.

இறைவனும் உயிரும் ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கும் அத்துவித உறவை எந்த அடுக்கிலும் வைக்கவில்லை. அதை அடுக்கினால் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும். ‘உடனாய்’ என்பதற்கு இடமே இருக்காது. அந்த இயல் முழுக்கப் பத்திகளாகவே ஓடுகிறது.

ஒரே ஒரு வரிதான் இன்னும் தீரவில்லை: திரோதானம். அது பதியின் சத்தி. மறைத்து நின்று உயிரைப் பக்குவப்படுத்தும் அருள். அதே திரோதானம் மலங்களைச் செலுத்துவதால், ஆணவம், கன்மம், மாயை, மாயேயம் ஆகியவற்றோடு ஐந்தாம் மலமாகவும் எண்ணப்படுகிறது. பதிக்குக் கீழே போட்டால், கட்டுண்ட உயிர் அதை எங்கே எதிர்கொள்கிறது என்பது தெரியாமல் போகும். பாசத்துக்குக் கீழே போட்டால் அருளை அழுக்கு என்றதாகிவிடும். ஐயா பதியில்தான் வரவேண்டும் என்கிறார். மலம் என்பது உபசாரமாகச் சொன்னதுதான் என்பது அவர் வாதம். அது சரிதான். ஆனாலும் படிக்கிறவர்கள் பாசத்தில் கிடப்பவர்கள். அவர்கள் தேடி வரும் பக்கத்தில் அது இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இப்போதைக்குப் பதியில் விளக்கமும் பாசத்தில் அந்தப் பக்க எண்ணுமாகப் போட்டிருக்கிறேன். இரண்டாம் புரூஃப் ஐயாவிடம் இருக்கிறது. பாசத்தில் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார், அடிக்கவில்லை.