கேட்டலும் கேளாமையும்

"இவனுக்குக் காதில் குறையொன்றுமில்லை, சேர், சொல்வழிதான் கேட்கிறானில்லை" என்று கல்முனைத் தாயொருத்தி நம்மிடம் முறையிட்டாள். நாமும் நம்பினோம். கடைசி வாங்கில் அமர்ந்த அம்மாணவனை அசட்டைக்காரன் எனக் கண்டித்தோம். ஈராண்டின் பின்னரே வைத்திய பரிசோதனை உண்மையை உணர்த்திற்று: அவனது செவிப்புலன் பெரிதும் குறைந்திருந்தது.

அதற்குள் அவன் பேச்சையே குறைத்துவிட்டான். பிறர் சிரித்தபின்னரே சிரிப்பான். நாள் முழுவதும் உதடுகளைப் பார்த்து ஊகித்தே களைத்துப்போவான். "என்ன?" என்று வினவினால், "ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறோம்" என்பர் தோழர். அந்தப் 'பிறகு' வருவதேயில்லை. மாலைகளில் கடற்கரையில் தனித்திருந்தான். அவனுள்ளத்தைத் தின்ற இத்தனிமை செவியின் நோயா, சமுதாயத்தின் நோயா?

இக்குற்றம் புதிதன்று. 1880ஆம் ஆண்டு மிலான் நகரில் கூடிய கல்விமான்கள், செவிப்புலனற்றோர் பள்ளிகளிலிருந்து சைகை மொழியை விலக்கத் தீர்மானித்தனர். 164 பிரதிநிதிகளுள் செவிப்புலனற்றவர் ஒருவரே! அத்தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று உதவி வேண்டி நிற்கும் இத்தகைய சிறுவர் உலகில் 3 கோடி 40 இலட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தமிழில் 'கேட்டல்' என்பது செவிமடுத்தலையும் குறிக்கும், வினவுதலையும் குறிக்கும். முதலாவது அவனுக்கு அரிதாயிற்று. இரண்டாவது நமக்கு எளிதாயிருந்தும் நாம் செய்யவில்லை. "விளங்கிற்றா மகன்? எங்கே இருந்தால் உனக்கு வசதி?" என ஒருநாளும் கேட்டோமில்லை.

முன்வாங்கில் ஓரிடம் தரவும், முகம்பார்த்துப் பேசவும், கரும்பலகையில் ஒருவரி கூடுதலாக எழுதவும் பணம் வேண்டியதில்லை. கருவியும் சிகிச்சையும் வழங்குவது அரசின் கடன். அவற்றைக் கோரிப் போராடுவதும் அதுவரை அவனைத் தனித்திருக்க விடாமையும் நம் கடன்.