தானாய்ச் சுற்றாத சக்கரம்

ஆதார வசனம்: சகரியா 4:6

 

இந்த மாதம் அடியேனுடைய ஒரு தப்பிதத்தையே உங்கள் முன் வைக்கிறேன். சென்ற வருஷம், கரண்ட் இல்லாமலே நம் சபையின் ஃபேனும் மைக்கும் ஓட ஒரு சக்கரம் செய்யப்போகிறேன் என்று சொல்லி, திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிற ஒரு விதவைச் சகோதரியிடம் 5,000 ரூபாய் கைமாற்று வாங்கினேன்.

பழைய சைக்கிள் ரிம்மைச் சுற்றி, மடங்குகிற 12 கம்பிகளை மாட்டி, நுனியில் இரும்புக் குண்டு கட்டினேன். இறங்குகிற பக்கம் கம்பி நீளும், ஏறுகிற பக்கம் மடங்கும். ஆகவே இறங்குகிற பக்கமே எப்போதும் பாரமாயிருந்து இழுக்கும் என்பது என் கணக்கு.

தள்ளினால் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. குண்டை மாற்றினேன், பேரிங்குக்கு எண்ணெய் விட்டேன். மறுபடியும் நின்றது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நீண்ட பக்கத்தில் குண்டுகள் கம்மி. மடங்கிய பக்கத்தில் ஜாஸ்தி. ரெண்டும் சரிக்குச் சரி! நான் தள்ளின பலத்தையும் உரசல் தின்றுவிட்டது.

இந்த ஆசை புதிதல்ல. 1150-ஆம் ஆண்டு வாக்கிலேயே நம் தேசத்துக் கணித மேதை இரண்டாம் பாஸ்கரர், ஆரக்கால்களில் பாதரசம் விட்ட சக்கரம் தானாய்ச் சுற்றும் என்று எழுதினார். எத்தனையோ பேர் முயன்றும் ஒன்றும் ஓடவில்லை. 1775-இல் பாரிஸ் அறிவியல் கழகம், இப்படிப்பட்ட இயந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்றே தீர்மானித்தது.

ஆனால் நம் ஊர் பவர்ஹவுஸ் சக்கரங்கள் எப்படிச் சுற்றுகின்றன? தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வருகிற பெரியாற்றுத் தண்ணீர், ராட்சதக் குழாய்களில் இறங்கி அவற்றைச் சுற்றுகிறது. அந்தத் தண்ணீரை மலைமேல் ஏற்றியது யார்? வெயில் அதை ஆவியாக்கியது, மேகம் சுமந்தது, மழை பொழிந்தது. மேலேயிருந்து வராமல் கீழே ஒரு சக்கரமும் சுற்றாது!

பிரியமானவர்களே, நம்முடைய ஜீவியமும் இதுதானே? கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு தள்ளு. செவ்வாய்க்கிழமை வரை சுற்றுகிறோம், புதன்கிழமை நின்றுபோகிறோம். உபவாசம், காணிக்கை என்று குண்டுகளை மாற்றி மாற்றிக் கட்டுகிறோம். சுயபலம் சுயபலத்தோடேயே சரிக்கட்டிப்போகிறது. மேலேயிருந்து ஆவியானவர் இறங்கவேண்டும்.

சக்கரம் நின்ற பிறகு, அந்தச் சகோதரியின் முகத்தைப் பார்க்காமலே நான் மூன்று ஞாயிறு பிரசங்கித்தேன். நாலாவது வாரம் ஆவியானவர் உணர்த்தினார். அவர்கள் வீட்டுக்கே போய் ஒப்புக்கொண்டேன். "சுத்தலைன்னா போகுது பாஸ்டர். முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். அந்த வார்த்தை என்னை நொறுக்கிற்று. மூன்று தவணை கொடுத்துவிட்டேன். கடைசித் தவணை அடுத்த மாதம்.

உன் வீட்டில் எந்தச் சக்கரம் நின்றுகிடக்கிறது? மறைக்காதே. இன்றைக்கே முழங்கால்படியிடு. கிருபை மேலேயிருந்து இறங்கும். ஆமென்!