காலம் கடந்தால் கடன் தீருமா?



தகப்பனார் மவுத்தாகிப் பல ஆண்டுகள் கழிந்திருக்கும். ஒரு நாள் வாசலில் ஒருவர் வந்து நிற்பார். கையில் மங்கிப்போன புரோநோட்டு. "உங்கள் அத்தா வாங்கிய பணம், வட்டியோடு இவ்வளவு ஆகிறது" என்பார். அல்லது, என்றோ வாங்கிய வங்கிக் கடனுக்காக வசூல் ஏஜெண்டு தொலைபேசியில் அதட்டுவார். நம்மில் சிலர், "மூன்று வருஷம் தாண்டிவிட்டது, கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று கதவைச் சாத்தி விடுகிறார்கள். வேறு சிலரோ அஞ்சி நடுங்கி, நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டுமே தவறு.

நம் நாட்டின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, கைமாற்று, புரோநோட்டு போன்ற கடன்களுக்கு வழக்குத் தொடரத் தவணை 3 ஆண்டுகள். வீடு, நிலம் அடமானமாக உள்ள கடனுக்கு 12 ஆண்டுகள். ஆனால் இச்சட்டம் கோர்ட்டின் கதவை அடைக்கிறதே தவிர, கடனை அழிப்பதில்லை. உதுமானியர் காலத்தில் ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட 'மஜல்லா'வும், தக்க காரணமின்றி 15 ஆண்டுகள் விடப்பட்ட கடன் வழக்கைக் காஜி விசாரிக்க வேண்டாம் என்கிறது. அதே நூல், காலம் கடந்ததால் ஒருவருடைய ஹக்கு அழிந்து விடாது என்றும் சொல்கிறது. காஜியின் கதவு மூடலாம். கப்ரின் கேள்வி மூடுமா?

மூன்று தீனார் கடன் வைத்து, அதைத் தீர்க்க எதுவும் விட்டுச் செல்லாத ஒரு ஸஹாபியின் ஜனாஸாவுக்கு நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்க முன்வரவில்லை; உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்றார்கள். அபூகத்தாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தம் பொறுப்பில் ஏற்ற பிறகே தொழுவித்தார்கள். புகாரி ஷரீபில் வரும் செய்தி இது. மூன்று தீனாருக்கே இந்த நிலை என்றால், நாம் அலட்சியமாக இருக்கலாமா?

எனவே, கடன் உண்டு என்று நம் மனம் அறியுமானால், ஆண்டு எத்தனை ஆனாலும் அது கடன்தான். இறந்தவரின் கடனை அவருடைய சொத்திலிருந்து தீர்த்த பிறகே பாகம் பிரிக்க வேண்டும் என்பதை சூரத்துன்னிஸாவின் 11, 12ஆம் ஆயத்துகள் வலியுறுத்துகின்றன. கத்தம் ஓதி ஊருக்குச் சோறு ஆக்கும் நாம், "அத்தா யாருக்கேனும் தர வேண்டியிருந்ததா?" என்று முதலில் கேட்டோமா? அவர் சொத்தே விட்டுச் செல்லவில்லை என்றால், பிள்ளைகள் சொந்தக் கையிலிருந்து கொடுப்பது கட்டாயமல்ல. கொடுத்தால் அது தகப்பனாருக்குச் செய்யும் பேருபகாரம்.

அதற்காக, வந்தவர் சொன்னதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. உரிமை கோருபவரே அத்தாட்சி தர வேண்டும் என்பது ஷரீஅத்தின் விதி. கடன் கொடுத்தவர் இவர்தாமா, அனுப்பப்பட்டவரா, பத்திரம் எங்கே, இடையில் கட்டியது எவ்வளவு என்று நிதானமாகக் கேளுங்கள். தவணை கடந்த கடனையும் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி அது புதிய ஒப்பந்தமாகிவிடும். அசலோடு வட்டியும் சேர்ந்த தொகைக்கு அறியாமல் கையெழுத்திட்டால், வட்டியையும் நாமே தலையில் ஏற்றிக் கொண்டவர்களாவோம். மார்க்கப்படி கொடுத்தவருக்கு உரியது அசல் மட்டுமே. யாரும் அநீதி செய்யவும் வேண்டாம், அநீதிக்கு உள்ளாகவும் வேண்டாம் என்பதே சூரத்துல் பகராவின் 279ஆம் ஆயத்தின் கருத்து.

மொத்தமும் கொடுக்க இயலாதவர் பேசி முடிக்கலாம். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனை மஸ்ஜிதுந் நபவியில் கேட்டபோது இருவர் குரலும் உயர்ந்தது. நபி (ஸல்) அவர்கள் பாதியைக் குறைக்கும்படி சைகை செய்தார்கள். கஅப் இசைந்தார்கள். உடனே மற்றவரைப் பார்த்து, எழுந்து போய்க் கொடுத்துவிடும்படி கட்டளையிட்டார்கள். குறைத்தவருக்குத் தாமதமில்லாமல் கொடுப்பதே மரியாதை. கொடுத்ததும் ரசீதும், பாக்கி இல்லை என்ற சான்றும் வாங்கி வையுங்கள்.

கேட்க வந்தவர் கடுமையாகப் பேசினால்? நபி (ஸல்) அவர்களிடமே ஒருவர் கடனைக் கடுமையாகக் கேட்டார். ஸஹாபாக்கள் கொதித்தபோது, ஹக்குடையவருக்குப் பேச இடமுண்டு என்று தடுத்து, அவருக்கு வரவேண்டியதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். நாமும் பொறுமை காப்போம். ஆனால் மிரட்டலுக்குப் பணிய வேண்டியதில்லை. வங்கிகளின் வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் அறிவுறுத்தியிருக்கிறது. மீறினால் அந்த வங்கியிடமும் போலீசிடமும் எழுத்தில் புகார் செய்யலாம்.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு சொல். வாங்கியவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரவும், விட்டுக்கொடுப்பது அதைவிட நல்லது என்றும் சூரத்துல் பகராவின் 280ஆம் ஆயத்து போதிக்கிறது.

இன்று இஷாவுக்குப் பின் வீட்டார் ஒன்றாக அமருங்கள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நமக்குப் பின் நம் பிள்ளைகள் வாசலில் நின்று விழிக்க வேண்டாம்.

அல்லாஹ் தஆலா நம்மையும் நம் முன்னோர்களையும் கடன் சுமையிலிருந்து விடுவித்து, ஹலாலான ரிஸ்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.