டேமேஜ் இல்லை

"சிவஞான சித்தியாரில் இன்மை என்னும் அளவை பற்றி இதுவரை தனி ஆய்வு எதுவும் நிகழவில்லை." என் ஆய்வுச் சுருக்கத்தில் இப்படித்தான் எழுதியிருந்தேன். சித்தியார் சைவ சித்தாந்த நூல்; அளவை என்றால் ஒன்றை அறியும் வழி. ஆய்வுக் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இருக்குதேம்மா, நான் படிச்சிருக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து மறுபடி தேடினேன். அவர் சொன்ன ஆய்வு ஷோத்கங்காவில்தான் இருந்தது, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் காந்திநகர் இன்ஃபிளிப்நெட் மையம் சேர்த்துவைக்கிற களஞ்சியம் அது. நான் தமிழில் தட்டியிருந்தேன். ஆய்வேடோ ஆங்கில எழுத்தில் தலைப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆங்கில எழுத்துக்குப் போய்விட்டால் சித்தியார் ஒருவர் அல்லர். எஸ் போட்டு ஒருவர், சி போட்டு ஒருவர், டி இரண்டாகி, ஹெச் சேர்ந்து என்று ஒரு குடும்பமே இருக்கிறது. எங்கள் ஊருக்கும் இதே கதிதான்: அவிநாசி, அவினாசி, வெள்ளைக்காரர் ஏட்டில் அவனாஷி, சுந்தரர் பதிகத்தில் புக்கொளியூர். ஒன்றைத் தட்டினால் மற்றது வராது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கட்டுரைகள் நம் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்குக் குப்பை. பழைய சைவ இதழ்கள் பலவும் பக்கப் படங்களாகவே ஏறியிருக்கின்றன, தலைப்பைத் தாண்டி உள்ளே தேட முடியாது. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு வெளிநாட்டு ஆய்விதழ்களைத் திறந்துவிட்டது. நான் இருப்பது சுயநிதிக் கல்லூரி.

ஆனால் எனக்கு வெட்கமாக இருந்ததற்குக் காரணம் வேறு. கல்லூரிக்கு வருமுன் 11 வருசம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் நான். சேர்ந்த முதல் வாரம் கரண்ட் போயிருந்த நேரம், ஜன்னல் வெளிச்சத்தில் பீஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டேமேஜ் இல்லீங்க்கா" என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து டேபிள் அக்கா அந்த அடுக்கை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

"அம்மிணி, வெளிச்சமில்லாம பாத்துட்டு இல்லைன்னு சொல்லாதே. தெரியலைன்னு சொல்லு."

டியூப் லைட் வந்த பிறகு பார்த்தால் கழுத்துப் பட்டிக்குக் கீழே ஊசி ஓட்டை, இன்னொன்றில் எண்ணெய்க் கறை. கறுப்புத் துணி இன்னும் மோசம். கையை உள்ளே விட்டு விரித்துப் பிடித்தால்தான் ஓட்டை வாயைத் திறக்கும்.

அக்கா சொன்னது மீமாம்சைத் தத்துவம் என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. காணாமையை, அதாவது என் ஆய்வில் வரும் இன்மையை, தனி அளவையாக நிறுத்தியவர் குமாரில பட்டர். தரையில் குடம் இல்லை என்று எப்படி அறிகிறோம்? இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும், படவில்லை, ஆகவே இல்லை. அந்த 'பட்டிருக்கும்' என்ற சொல்லுக்கு வெளிச்சம் வேண்டும், பழுதில்லாத கண் வேண்டும், குடமும் கண்ணில் படுகிற பொருளாக இருக்க வேண்டும். இருட்டறையில் குடத்தைக் காணாதவர் குடம் இல்லை என்று அறிந்தவர் ஆகமாட்டார். அதே மீமாம்சையில் பிரபாகரர் இதைத் தனி அளவையாக ஒப்பவே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சித்தியாரில் தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்தை அளவையில் தொடங்கி, பிறர் சொன்னவற்றையெல்லாம் எண்ணிவிட்டு, காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறார்.

என்னை உறுத்துவது அதே நூலில் பிறர் கொள்கைகளை மறுக்கும் பரபக்கம். அங்கே முதலில் வருகிற உலகாயதர், காட்சி ஒன்றே அளவை என்பவர்; காணாத கடவுள் அவருக்கு இல்லை. ஆணவ மலம் என்னும் இருள் மறைத்த உயிர் தானாகக் காணாது என்பது சித்தாந்தம். நல்ல பதில்தான், செக்கிங் அக்காவே ஒப்புக்கொள்வார். ஆனால் எங்கள் தெருவில் குறி சொல்கிறவரும், பலிக்காதபோது, "உனக்குப் பக்குவம் பத்தலை" என்றுதான் சொல்கிறார். இதையே சொல்லிக்கொண்டிருந்தால் எந்தப் பொய்யும் பிடிபடாது. கம்பெனியில் அது நடக்காது. எந்த லைட், எப்படி விரிப்பது, எதெல்லாம் டேமேஜ் என்பது முன்பே முடிவானது. அதன்பிறகு இல்லை என்றால் இல்லை.

சித்திரைத் தேருக்கு வடம் தொடாத வருசமில்லை எனக்கு. இருந்தும் சொல்கிறேன். கடவுள் இல்லை என்பவரிடம் எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்று நாம் கேட்கலாம். எந்த வெளிச்சத்திலும் காணாவிட்டால் உங்கள் 'உண்டு' தப்பென்று ஒப்புவீர்களா என்று அவர் திருப்பிக் கேட்பார்; அதற்குப் பதில் சொல்ல நாமும் கடன்பட்டவர்கள். என்னிடம் பதில் இல்லை. இல்லை என்றுகூடச் சொல்லக் கூடாது, தெரியவில்லை.

ஆய்வேட்டில் அந்த வரியை மட்டும் திருத்திவிட்டேன். எந்தெந்தத் தளங்கள், தமிழில் இரண்டும் ஆங்கிலத்தில் ஏழுமாக எந்தெந்த எழுத்துக்கூட்டல்கள், எந்தத் தேதிவரை தேடியது, சந்தா கட்டித் திறக்கிற இதழ்களைப் பார்க்கவில்லை என்பது, எல்லாம் எழுதியதில் ஒரு வரி அரைப்பக்கமாகிவிட்டது. இவ்வளவு எதற்கு என்று நெறியாளர் கேட்டார்.

எங்கள் கம்பெனியில் பாஸான ஒவ்வொரு பீஸிலும் அதைப் பார்த்தவளின் நம்பர் ஒட்டியிருக்கும். என் நம்பர் 14.