யாருக்காக இந்த ஆபரேஷன்?

விறைப்புக் குறைபாட்டுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்ற கேள்வியை ஆண்கள் பெரும்பாலும் தனியாகவே சுமக்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸ்கூட அவர்களை மட்டும்தான் கூப்பிடுகிறது. மனைவிக்கு அதில் இடமே இல்லை. இது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

எனக்கு நெடுநாள் சர்க்கரை. ரத்தக் குழாயையும் நரம்பையும் அது மெல்ல அரித்துவிட்டது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து உலகமெங்கும் பரவிய சில்டெனாஃபில் மாத்திரை கொஞ்ச காலம் கைகொடுத்தது; பிறகு அதுவும் கேட்கவில்லை. ஆண்குறியில் போடும் ஊசி, காற்றை உறிஞ்சும் கருவி இரண்டும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. மிஞ்சியது, ஆபரேஷன் செய்து குறிக்குள் வைக்கும் இம்பிளான்ட்.

அதில் வளைத்து நிமிர்த்தும் கம்பி வகை விலை குறைவு. ஆனால் எந்நேரமும் விறைப்பாகவே இருக்கும். இன்னொன்று, 1973இல் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் குழுவினர் அறிமுகப்படுத்திய வகை. குறிக்குள் இரண்டு குழல், விதைப்பையில் சின்ன பம்ப், அடிவயிற்றில் உப்புநீர்ப் பை. டாக்டர் அதன் மாதிரியை மேசைமேல் வைத்தார். என் மனைவி அதைக் கையில் எடுத்து பம்ப்பை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். குழல் விம்மி நிமிர்ந்தது.

"இது உள்ளே இருக்கிறப்போ இவருக்கு வலிக்குமா சார்?"

"முதல்ல சில வாரம் இருக்கும்மா. அப்புறம் போயிடும்."

மற்றதையும் அவர் மறைக்கவில்லை. உள்ளே இருக்கும் திசுவை விரித்துத்தான் குழலுக்கு இடம் செய்ய வேண்டும். அதன்பின் பழைய இயற்கை விறைப்புக்குத் திரும்ப முடியாது. கிருமி தொற்றினால் கருவியையே எடுக்க வேண்டிவரும், சர்க்கரைக்காரர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். உணர்ச்சியும் உச்சமும் பொதுவாக அப்படியே இருக்கும். ஆசையை மட்டும் அது உண்டாக்காது.

ஆட்டோவுக்கு நிற்கும்போது அவள் சொன்னாள்: "எனக்காகன்னா வேண்டாங்க. உங்களுக்கு வேணும்னா நான் கூட இருக்கேன்."

விறைப்பு போன வீட்டில் முதலில் நின்றுபோவது தொடுதல். தொட்டால் எதிர்பார்ப்பு வருமே என்று கணவன் ஒதுங்குகிறான். தன்மேல் பிரியம் போய்விட்டது என்று மனைவி எண்ணிக்கொள்கிறாள். தோளில் கை போடுவதற்கு எந்த ஆபரேஷனும் தேவையில்லை. இது புரிந்த பிறகு, அவளுக்கு நிரூபித்துக் காட்டத்தான் இம்பிளான்ட் என்ற நினைப்பு என்னிடம் உதிர்ந்துவிட்டது. என் உடம்பு மறுபடி என் சொல்லைக் கேட்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அப்படியே நிற்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன்.

ஆகவே செய்துகொள்வதாகத்தான் இருக்கிறேன். அதற்கு முன் இதயத்தைப் பார்த்தாக வேண்டும். குறியின் ரத்தக் குழாய்கள் மெல்லியவை. அடைப்பு பலருக்கு அங்கேதான் முதலில் தெரியவரும், நெஞ்சுவலி பிறகுதான் வரும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியும் இறங்க வேண்டும். இரண்டும் சரியான பிறகு தேதி குறிக்கலாம் என்று டாக்டரிடம் இருவருமாகச் சொல்லியிருக்கிறோம்.